ஒரே வகையறா, வேறு வேறு வாசல்

பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதாவது, ஒருவர் கைக்குப் பழகியதைக் கெடுத்துவிட்டு, இதுதான் நல்லது என்று அவரிடமே சாதிப்பது. யாரிடமும் படித்ததில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் நானாகக் கற்றது, இன்றும் ராத்திரி வேலைதான். நேற்றிருந்த பட்டனை இன்று காணாமல் நீங்களும் தேடியிருப்பீர்கள். அதைக் காணாமல் போக்கியவன் பேசுகிறேன்.

லாரி இருக்கு, எடை இல்லை

புதுவயலில் ஒரு அரிசி ஆலை. அங்கே எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுபவர் ஆரோக்கியம் அண்ணன், ஐம்பத்தெட்டு வயது. அவருடைய கம்ப்யூட்டர் புது விண்டோஸைத் தாங்காது. எடைச்சீட்டுப் போடும் புரோகிராம் பிரவுசரில் ஓடுவதால் எதிலும் ஓடும். லினக்ஸில் பல வகை உண்டு; எல்லாரும் போடுகிறார்களே என்று உபுண்டு போட்டேன்.

ஒவ்வொரு லாரிக்கும் இடது கீழ்மூலை மெனுவைத் திறந்து சீட்டை எடுப்பது அண்ணன் பழக்கம். உபுண்டுவில் அங்கே அமுக்கினால் திரை முழுக்கப் படங்கள் விரிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலையிலேயே போன் வந்தது. "தம்பி, லாரி மேடை மேலதான் நிக்குது. எடையை எங்குட்டுக் கொண்டுபோய் வச்சீக?"

தாய்வீடு

உபுண்டு பிறந்ததே டெபியன் என்ற மூத்த லினக்ஸிலிருந்துதான். மகள் புதுசு புதுசாக உடுத்துவாள். தாய் எதையும் சோதித்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். எனக்குப் பிடித்தது தாய். மறுநாள் ராத்திரி டெபியன் போட்டேன். இதிலோ கீழ்மூலையில் ஒன்றுமே இல்லை, மெனு மேலே போய்விட்டது. முகப்பை எதிலும் மாற்றிக்கொள்ளலாம்தான். எனக்கு அழகாகப் பட்டதால் அப்படியே விட்டுவிட்டேன்.

காலையில் ஏழு லாரிகள் வரிசையில் நின்றன. திங்கட்கிழமைக்குள் சரிவராவிட்டால் அந்த நாற்காலியில் தன் மச்சினர் மகனை உட்காரவைப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். தாய் மகள் கதையை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஒரே வகையறாங்கிறீக, வாசல மட்டும் ஆளுக்கொரு பக்கம் வச்சிருக்கீக!"

பகலில் ஒரு நாள்

மேடை ஓய்ந்த பிறகுதான் நான் எப்போதும் போவேன். அண்ணன் வேலை செய்து ஒருநாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை பகலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. கண் ஜன்னலில் இருந்தது: எல்லாச் சக்கரமும் மேடைக்குள் வந்துவிட்டதா, டிரைவர் இறங்கிவிட்டாரா. கை மட்டும் தானாகக் கீழ்மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மக நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு தம்பி, அதுவரைக்கும் இந்த நாற்காலி வேணும்."

பேத்தி

உபுண்டுவிலிருந்து வந்தது மின்ட். டெபியனுக்குப் பேத்தி முறை. மூன்றுக்கும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே ரத்தம்; நமக்காக யாரோ முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவுகளில்தான் வித்தியாசம். மின்ட்டில் மெனு இடது கீழ்மூலையில் இருக்கிறது. ஞாயிறு ராத்திரி அதைப் போட்டேன்.

திங்கட்கிழமை நானும் போயிருந்தேன். முதலாளி அண்ணன் பின்னால் வந்து நின்றார். லாரி ஏறியது. அண்ணன் கண் ஜன்னலில், கை மூலையில். சீட்டு வந்தது. அடுத்த லாரி, அடுத்த சீட்டு. கொஞ்ச நேரம் பார்த்திருந்த முதலாளி என் பக்கம் திரும்பினார். "பழசு மாதிரியேதான இருக்கு, மூணு ராத்திரியா என்னதான் பண்ணுனீக?"

ஆரோக்கியம் அண்ணன் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், நான் செய்த வேலைகளில் செய்ததே தெரியாமல் போன அது ஒன்றுக்குத்தான் இதுவரை யாரும் போன் செய்து திட்டவில்லை.