பாவாயியின் இருமல்

அம்மையப்பரைக் கும்பிட வந்திருக்கும் அன்பர்களே, நான் மேடையேறிப் பழகியவன் இல்லை. ராசிபுரத்துத் தறிக்காரன். நடுவில் இருமல் வந்தால் நிறுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம், ஐப்பசி மழையில் எனக்கு இருமல் பிடித்தது. சுக்கு, திப்பிலி, தூதுவளை எல்லாம் தின்று பார்த்தேன். கேட்கவில்லை. கார்த்திகையில் துப்பினால் ரத்தம். சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வாயே திறக்கவில்லை. என் சம்சாரம் பாவாயியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சயரோகம். தனி வட்டில், தனி டம்ளர், தனிப் பாய். இல்லாவிட்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நான் உண்ட வட்டிலில்தான் அவள் போட்டு உண்பாள். அன்றைக்கு எனக்குத் தனி வட்டில் வைத்துவிட்டு, தனக்கு வேறு எடுத்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"நாய்க்கு வெக்கற மாதிரி எனக்குத் தனியா வெக்கறயா?" என்று கத்தினேன்.

"ஏனுங்க இப்படிப் பேசறீங்க? டாக்டர் சொன்னதைத்தானுங்க செய்யறேன்" என்றவள், அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

படுத்தே கிடந்தால் அடுப்பு எரியுமா? காய்ச்சல் விட்ட நாளில் தறிக்குழியில் இறங்கிவிடுவேன். பக்கத்தில் பாவாயி நூலைச் சிறு குழலில் தாராகச் சுற்றுவாள். தாரில் நூல் தீர்ந்தால் புதுத் தாரை, தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்குள் மாட்டி, நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். தறிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். எனக்கு உறிஞ்ச மூச்சு இல்லை. நான் வாயை வைத்துவிட்டு இரும ஆரம்பித்தால், பாவாயி நாடாவைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து எடுத்துக் கொடுப்பாள்.

வட்டிலைப் பிரித்தோம், பாயைப் பிரித்தோம், நாடாவை விட்டுவிட்டோம். எங்கள் புத்தியைப் பாருங்கள்!

தை மாதம் பாவாயி இருமினாள். தறியில் உட்கார்ந்திருந்த நான் என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தேன். அடப்பாவி, நோயை இப்படியல்லவா கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு ரத்தம் வந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் சளியை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த இடைநாளில் திருச்செங்கோட்டு அம்மையப்பர் மலைக்குப் போனோம். மலையேற எனக்குத் தெம்பில்லை. பாவாயி மட்டும் இருமிக்கொண்டே படியேறினாள். நான் அடிவாரத்து மண்ணில் குப்புற விழுந்தேன். வெட்கத்தை விட்டு வாய்விட்டே கேட்டேன்.

"சாமி, நீ உன் ஒடம்புல பாதியைப் பொண்டாட்டிக்குக் குடுத்தவன். நான் என்னத்தைக் குடுத்திருக்கறேன் பாரு! என்னை எடுத்துக்கோ. இந்த நோவை மட்டும் அவளுக்குப் பங்கு வெச்சுராதே."

பதில் ஒன்றும் வரவில்லை. வெயில்தான் சுட்டது. நம்பிக்கையோடு திரும்பினேன் என்று சொன்னால் அது பொய்.

மறுவாரம் டாக்டர் சொன்னார்: "சளியில ஒண்ணும் இல்லம்மா. பஞ்சுத் தூசியால வந்த இருமல். சரியாப் போயிடும்."

அம்மையப்பா! அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பாவாயி முகத்தில் சந்தோஷமே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏ புள்ள, நல்ல சேதிக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்றேன்.

"எனக்கும் இருக்கோணும்னுதானுங்க மலை மேல வேண்டிக்கிட்டேன். இருந்தா ஒரே வட்டல்ல உண்டுக்கலாம். நீங்க போயிட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?"

"அப்ப அந்த நாடா?"

"தெரிஞ்சுதானுங்க உறிஞ்சுனேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை நின்றேன்.

என் நோய் போய்விடவில்லை. இப்போது ரத்தம் வருவதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் வீட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடக்கிறேன். பாவாயிதான் குழியில் இறங்கி நெய்கிறாள். நாடாவில் வாய் வைக்காமல் நூல் எடுக்க ஊசியை வளைத்துக் கொக்கி செய்து கொடுத்திருக்கிறேன். தனி வட்டிலைப் பார்த்துக் கத்துவதில்லை. தினமும் அதை நானே கழுவி, தள்ளி வைக்கிறேன்.

வழியே இல்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன், அவரிடம் கேளுங்கள். நம்பிக்கை பாதிதான் இருந்தாலும் கேளுங்கள். அன்றைக்கு ஒரே மலையில் இரண்டு பேர் இரண்டு விதமாக வேண்டினோம். அவர் என் பேச்சைத்தான் கேட்டார். பாவாயிக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. தீராவிட்டால் போகிறது. நூறு வயசு இருந்து கோபப்படட்டும்.