கீறல் பொறுக்காத கர்ணன்

போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் கர்ணனுக்கு எந்தப் பொருளிலும் ஒரு கீறல் இருக்கக் கூடாது. 1998இல் வாங்கிய ஸ்கூட்டரின் இருக்கை மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையை அவர் இன்றுவரை பிரிக்கவில்லை. அது வழுக்கி மழையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் முதலில் தூக்கி நிறுத்தியது வண்டியை. பிறகுதான் பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி பஞ்சம்மாளை.

கடைவீதியின் பழைய முகப்புகளை முன்பிருந்தபடியே புதுப்பிக்கும் திட்டம் 2024இல் வந்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர். பிளெக்ஸ் போர்டுகளை எல்லாக் கடைகளிலும் இறக்கிவிட்டார்கள். எதிர்ச் சாரியிலும் ஓர் ஏலக்காய்க் கடை உண்டு, ஜெபமணியுடையது. அவருடைய போர்டு தன் போர்டைவிட ஒன்றேகால் அடி நீளம் என்பதால் கர்ணன் 2018 மார்ச்சில் தொடங்கிய சண்டையில், இருவரும் பேசி ஆறு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது. போர்டுகள் போன பிறகும் சண்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு ஷட்டரைக் கர்ணன் பழைய இரும்புக்குப் போட்டார். 2004 வரை கடையை மூடிய பதின்மூன்று தேக்குப் பலகைகளைப் பரணிலிருந்து இறக்கினார். கையால் இழைத்த பலகைகள் அவை. ஒன்றின் ஓரம் அடுத்ததோடு மட்டுமே பொருந்தும். அதற்காகவே செய்தவர் பலகைகளின் தலையில் உளியால் வெட்டு வைத்திருந்தார்: முதல் பலகைக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு. அந்நாளில் பலகை போட்டது கர்ணனின் அப்பா. கர்ணன் மலைக்கும் ஏலத்துக்கும் அலைந்துகொண்டிருந்தவர்; அவர் கண்ணுக்கு அவை வெட்டுகளாகத் தெரியவில்லை.

“என்னய்யா இது, எலி கடிச்ச மாதிரி? எல்லாத்தையும் அடைச்சிரு” என்றார் தச்சர் முத்துராஜாவிடம்.

முத்துராஜா பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மூன்று முறை வார்னிஷ் அடித்தார். பலகைகள் கண்ணாடி போல் ஆயின.

12.8.2024 திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அதிகாரி அனுசுயா பார்வையிட வருவதாக ஏற்பாடு. பலகை போட்டு மூடிக் காட்ட வேண்டும். மூடாத கடை திட்டத்தில் கிடையாது. திட்டம் கிடக்கட்டும், கடைக்கு இனி வேறு கதவே இல்லை. உள்ளே பதினோரு மூட்டை ஏலக்காய் இருந்தது.

ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கினார்கள். பத்து பதினைந்துக்கு இரண்டு பலகைகூடச் சேரவில்லை.

“அண்ணே, அந்த வெட்டுதேன் வரிசை போல” என்றார் முத்துராஜா மெதுவாக.

“அதை அடைக்கிறதுக்கு முன்னாடி சொன்னா என்ன?”

“நீங்கதான எலின்னீக.”

எதிர்க்கடை நாற்காலியிலிருந்து ஜெபமணி யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்: “கடை பளபளன்னு இருக்கு. மூடத்தேன் முடியாது போல!”

பஞ்சம்மாள் கணவரிடம், “அவுகள கேளுங்க. நாப்பது வருசமா நம்ம கடையத்தேன் பாத்துக்கிட்டு இருக்காக” என்றாள்.

“அவங்கிட்டயா? சுவர் வச்சு அடைச்சாலும் அடைப்பேன்.”

அவள் தெருவைக் கடந்துவிட்டாள். “அண்ணே, பலகை வரிசை ஞாபகம் இருக்கா?”

“இல்லாமயா தாயி? உன் மாமனாரு ஒரு நாளாச்சும் பிந்தித் திறக்க மாட்டாரான்னு தினம் பாத்தவன்ல நான்!”

அவர் வந்தார். பலகைகளைக் குனிந்து பார்த்தார், தடவினார், விழித்தார். “இங்கன நின்னா ஒண்ணும் வெளங்கலை. எல்லாம் மரமாத்தேன் தெரியுது.” திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். “ம், இப்பத் தெரியுது. தூக்கிக் காட்டு!”

முத்துராஜா ஒரு முனையும் கர்ணன் மறுமுனையுமாக ஒவ்வொரு பலகையையும் நடுத்தெருவில் நிமிர்த்திக் காட்டினார்கள்.

“கண்ணு மாதிரி சுழி இருக்குல்ல, அது ஏழு. அடுத்தது? தலைகீழாப் பிடிச்சிருக்க, திருப்பு. ரேகை ஒட்டகக் கழுத்து மாதிரி ஓடுது பாரு, அது மூணு.”

எஸ்டேட் ஜீப் ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தது.

“பொறுய்யா, ஒம்பதாவது வந்துக்கிட்டிருக்கு!” என்றார் ஜெபமணி.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பதின்மூன்றாவது பலகை இறங்கி உட்கார்ந்தது. கடை மூடிக்கொண்டது. கர்ணன் நான்கு முறை தள்ளிப் பார்த்தார்.

அனுசுயா பதினொன்று நாலுக்கு வந்தார். பலகைகளைத் தடவிப் பார்த்து, குறித்துக்கொண்டு, “இருபது வருஷம் பரண்ல கிடந்த பலகை. வரிசையை யார் சொன்னாங்க?” என்று கேட்டார்.

கர்ணன் முத்துராஜாவைப் பார்த்தார். அவர் சுத்தியலைத் துடைத்தார். கர்ணன் பஞ்சம்மாளைப் பார்த்தார், அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியின் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில், “எதுத்த கடை ஜெபமணி அண்ணன்தேன் சொன்னாக” என்றார்.

“இங்கன சரியாக் கேக்கலை, கர்ணா!” என்றது எதிர்க்கடை நாற்காலி. “சத்தமாச் சொல்லு!”