வட்டத்துக்குள் ஒரு கோடு

கென்ஜெ அக்கா பகலில் குளிப்பதில்லை. பகலில் குளியலறை, அவர் துணிகளில் எழுத்து அச்சடிக்கும் ஸ்கிரீனுக்குச் சொந்தம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பச்சைக் கூழைத் தடவி அங்கேதான் இருட்டில் காயவைப்பார். காய்வதற்குள் வெளிச்சம் பட்டால் போச்சு, மொத்தமும் இறுகிவிடும், படம் விழாது.

"இந்த வேலைக்குத் தனியா இருக்கறதுதான் வசதி. தெரியாம யாரும் ஸ்விட்சப் போட்டுட மாட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. கணவர் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒன்பது வருடம். அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. அக்கா வளர்த்து ஆளாக்கிய தம்பிகள் இருவரும் தலைநகர் பிஷ்கெக்கில். நூருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு போன் வரும். மற்ற நாட்களில் அந்த வீட்டில் கேட்கும் சத்தம், ரப்பர் பட்டையால் மையை இழுக்கும் சர்ர்ர் என்ற சத்தம் மட்டும்தான்.

ஸ்கிரீனுக்கு வெயில் காட்டுவது பால்கனியில். எழுத்து அச்சான ஃபிலிமை அதன்மேல் வைத்து, மேலே பழைய அலமாரிக் கண்ணாடியை அழுத்தி, உதட்டுக்குள் எண்ணுவார். கடிகாரம் பார்க்கவே மாட்டார். பிறகு குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது!

மே மாதத்தில் ஒருநாள் அவர் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு வகுப்பு பள்ளியை முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம், சனிக்கிழமை எல்லோரும் ஏரிக்கரையில் கூடுகிறார்களாம். முன்னால் ஏரியின் பேரும் வருடமும், முதுகில் அவரவர் பேர். இருபத்து மூன்று டீ ஷர்ட். பேசியது புருல், அந்த வகுப்பின் லீடராக இருந்தவள். பதிவு முழுக்க அக்கா, அக்கா என்றே பேசியிருந்தாள்.

நாங்கள் அவரை அக்கா என்பது சரி. புருல் அவர் வயதுக்காரி. ஒன்பதாம் வகுப்புவரை கென்ஜெ அக்காவும் அதே வகுப்பில்தான் படித்தார். அம்மா இறந்ததும், தம்பிகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டார். குரலைக் கேட்டதுமே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. தான் யார் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"சொன்னா கூப்பிடத்தான் செய்வாங்க. சொல்லாமயே தெரியுதான்னு பாத்தேன்."

முதுகுப் பேர்களுக்குக் காகிதத்தில் பிளேடால் எழுத்தை வெட்டி, ஸ்கிரீனுக்கு அடியில் வைத்து மை இழுப்பார். ஒரு பேருக்கு ஒரு காகிதம். அப்படி இருபத்து மூன்று பேர்களையும் அவரே வெட்டினார். வெட்டும்போதே ஒவ்வொருவரும் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பட்டியலில் தாலாய் என்ற பேரும் இருந்தது. அவன் இறந்து ஆறு வருடம். அவன் சட்டையை ஒரு நாற்காலியில் போர்த்தி வைக்கப் போகிறார்கள் என்று புருல் சொல்லியிருந்தாள். செத்தவனைக்கூட மறக்காத பட்டியலில் அக்காவின் பேர் இல்லை. தாலாய் பேரை வெட்டிய காகிதத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் எல்லாம் கொடியில் தொங்கியபோதுதான் தப்பு தெரிந்தது. எங்கள் ஏரியின் பேருக்குச் 'சூடான ஏரி' என்று அர்த்தம். எங்கள் மொழியில் அந்தப் பேரில் வரும் ஓகார எழுத்து ஒரு வட்டம், அதற்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு உண்டு. ரஷ்யாக்காரர்கள் செய்த எழுத்துருக்கள் பலவற்றில் அந்த எழுத்தே இருக்காது. அதனால் அக்கா எப்போதும் ஃபிலிமில் பேனாவால் கோட்டைப் போட்டுவிடுவார். இந்தத் தடவை மனசு பேர்களிலேயே இருந்ததால் மறந்துவிட்டார். கோடு இல்லாவிட்டால் 'ஏரி' என்பது 'கை' ஆகிவிடும். 'சூடான ஏரி' இருக்க வேண்டிய இருபத்து மூன்று நெஞ்சிலும் 'சூடான கை'.

அக்கா பதறவில்லை. கொடிக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆறாம் வகுப்பில் இதே தப்பைக் கரும்பலகையில் எழுதியவர் அவர்தானாம். பள்ளியை விடும்வரை வகுப்பே அவரைச் 'சூடான கை' என்றுதான் கூப்பிட்டதாம்.

பிறகு மெல்லிய தூரிகை எடுத்து ஒவ்வொரு வட்டத்திலும் கோடு போட்டார். இருபத்திரண்டு சட்டைகளில். புருலின் சட்டையை மட்டும் அப்படியே மடித்து மேலே வைத்தார்.

வெள்ளிக்கிழமை புருல் வந்தாள். கீழே கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான். ரொட்டியாவது வாயில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா வாசலில் தட்டை நீட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நீட்டிய ரொட்டியை யாரால் மறுக்க முடியும்? ஒரு துண்டைக் கிள்ளி மென்றபடியே புருல் தன் சட்டையைப் பிரித்தாள்.

"ஐயோ அக்கா, ஏரிய கையாக்கிட்டீங்களே."

"விட்டுப்போச்சு. இப்பவே போட்டுடறேன்."

புருல் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இப்படித்தான் எழுதினா. என்ன பேரு அவளுக்கு... ஒல்லியா, ரெட்டைச் சடை. பாதியிலயே நின்னுட்டா."

அக்கா தூரிகையை மையில் தோய்த்தார். குனிந்து, வட்டத்துக்குள் கோட்டைப் போட்டார்.

"கென்ஜெகுல்" என்றார்.

"ஆங், கென்ஜெ! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊர்தானே."

"அவ இன்னும் இங்கதான் இருக்காளா? பட்டியல் போடறப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் வரல பாருங்க. பாத்தா சொல்லுங்கக்கா, நாளைக்குக் கரைக்கு வரச் சொல்லுங்க. கண்டிப்பா."

"சொல்றேன்" என்றார் அக்கா.

காரிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். புருல் சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஈரம் காயாத தன் சட்டையை விரல் நுனியில் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா நீலப் பாவாடை கட்டி, காதில் வெள்ளித் தோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலுக்கு ஓடி, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கரை பத்து நிமிட நடைதான்.

அரை மணி நேரத்தில் படிக்கட்டில் காலடி கேட்டது. கதவைத் திறந்தேன்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"செம காத்து. கரைல நிக்கவே முடியல" என்றார்.

பாலிக்சி காற்று லாரியையே புரட்டும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அவர் பால்கனியில் தொங்கிய துணி ஒன்றுகூட அசையவில்லை.

அக்கா தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். திங்கட்கிழமைக்கு ஆறு ஏப்ரன் அடிக்க வேண்டும், வெயில் இருக்கும்போதே ஸ்கிரீனைக் காட்டிவிட வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் பால்கனியில் கண்ணாடியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் எண்ணுவது கேட்டது. அன்றைக்கு வாய்விட்டே எண்ணினார்.