சொல்லாமல் வருகிறவர்

மாடி வீட்டுப் பெண் காலையில் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அங்கிள், ஃப்ரீயா? பாயசம் வெச்சோம், எடுத்துட்டு வரலாமா?" அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது பதினாறு படிகள். 'வாம்மா' என்று பதில் தட்டிய பிறகுதான் இறங்கி வந்தாள். கிண்ணத்தைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை. எனக்கு ஏலக்காய் என்றால் பனிதான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நார்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் ஏழு வருஷம் இருந்தேன். மீன் ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. ஊரே ஐஸ் பெட்டியாக இருக்கும்போது மீனுக்குத் தனியாக எதற்கு மிஷின் என்று சிதம்பரத்து மாமா போனில் கேட்பார். டிசம்பரில் அங்கே சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. பகல் பன்னிரண்டு மணிக்கும் தெருவிளக்கு எரியும். அந்த இருட்டில் பேக்கரிக் கதவைத் திறந்தால் ஏலக்காய் மணக்கும். அந்த ஊரில் பன்னுக்கு ஏலக்காய் போடுவார்கள். முதல் வருஷம் அந்தப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் நடுத்தெருவில் அழுதிருக்கிறேன்.

எதிர்வீட்டு ஓலாவ் தன் வாசல் பனியோடு என் வாசல் பனியையும் வாரிவிடுவார். ஆனால் உள்ளே வரமாட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்கு வரலாமா என்று புதன்கிழமையே கேட்பார். சரியாக ஆறுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளி சாக்ஸோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஏழுக்குக் கிளம்பிவிடுவார். என்ன சம்பளம், ஏன் இன்னும் குழந்தை இல்லை, எதுவும் கேட்கமாட்டார். கடலூரில் வளர்ந்தவனுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. நான் ஊர் திரும்பும் நாளில் மட்டும், "ஒருநாளாவது நீ சும்மா வந்து கதவைத் தட்டுவாய் என்று நினைத்தேன்" என்றார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செண்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். நான் அந்த நாகரிகத்தைக் கடலூர் முதுநகரில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். நினைத்தால் பாசஞ்சர் ஏறி வந்துவிடுவார். முதலில் பேப்பரில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டு உள்ளே நுழையும், பின்னாலேயே மாமா. நேராகச் சமையலறைக்குப் போய், "என்னம்மா கொழம்பு?" என்று என் மனைவியிடம் கேட்டபடியே மூடியைத் தூக்கிப் பார்ப்பார். சாப்பிட்டுவிட்டு ஹாலில் கையைத் தலைக்கு வைத்து ஒரு தூக்கம். எழுந்ததும், "வர்ட்டா மாப்ள" என்று கிளம்பிவிடுவார். விஷயம் என்று ஒன்றும் இருக்காது.

திரும்பி வந்த பிறகும் அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தேன். ஒருநாள் வீடியோ மீட்டிங்கில் இருந்தபோது மாமா பின்னால் வந்து தோளைத் தட்டினார். "சாப்ட்டியா மாப்ள? இவுங்கள்ளாம் யாரு, சாப்ட்டாங்களாமா?" திரையில் எல்லோரும் சிரித்தார்கள். சந்தோஷமாகத்தான் சிரித்தார்கள், எனக்குத்தான் மானம் போயிற்று. முடிந்ததும் சொன்னேன்: "மாமா, இனிமே வர்றப்ப ஒரு போன் பண்ணிட்டு வாங்க."

"அதுக்கென்ன மாப்ள, பண்ணிட்டா போச்சு."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ஒழுங்காக போன் செய்தார். "வியாழக்கெழம தோதுப்படுமா மாப்ள?" நான் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பாக்கலாம் மாமா" என்பேன். அடுத்த வாரமும் அதையே சொல்வேன்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். "சும்மாதான் கேக்குறேன், இன்னிக்கு வரலாமா?" பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. சிதம்பரம் ஸ்டேஷனில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு மீட்டிங் மேல மீட்டிங் மாமா."

"சரி சரி, நீ வேலையப் பாரு."

அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்குப் போனவர் கண் விழிக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு சிகிச்சை இருந்ததே அதன் பிறகுதான் எனக்குத் தெரியும். கருமாதியன்று அத்தை காபியை என் கையில் கொடுத்தபடியே, குறையாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அன்னிக்கு ஒங்க ஸ்டேஷன்ல எறங்கிட்டுதாம்பா போன் பண்ணாரு. ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஒன்ன ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன்னு போனவரு. அவனுக்கு வேல ஜாஸ்தியாம்னு அடுத்த வண்டியிலயே வந்துட்டாரு."

முதுநகர் ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். "என்ன மாமா, ஏதாச்சும் விஷயமா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கோ பனியில் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

அத்தை சிதம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டார். அனுமதி வாங்காமல் என் வீட்டுக்குள் நுழைய இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவரைப் பிளாட்பாரத்தில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பினேன்.