கை சும்மா இருந்தால் மலையாளம்

எங்கள் ஊர் வாசகசாலைக் கமிட்டியில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம், அங்கே வந்து உண்மையிலேயே புத்தகம் எடுத்துப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பது. மற்றவர்கள் பேப்பர் பார்க்கவும் மின்விசிறிக்கு அடியில் உட்காரவும் வருகிறவர்கள். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. என் மனைவி அவற்றைப் படிப்பதில்லை. நேரில் பார்ப்பதே போதும் என்கிறாள்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற ஊர். வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். அரசாங்கத்தோடு பேசுவது மலையாளம். இரண்டும் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் எங்கள் நாக்கில் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன, பெட்டி வரும்வரை.

பாலக்காடு நகரத்தில் ஒரு சிறிய குழு, கிராமத்து இளைஞர்கள் தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே தயாரிக்கட்டும் என்று ஒரு பெட்டியை இரவல் கொடுக்கிறது. உள்ளே ஒரு ரெக்கார்டர், மைக், ஹெட்போன், பழைய லேப்டாப். கூடவே கொஞ்சம் பயிற்சி. நிபந்தனை ஒன்றுதான்: ஊர் அதைக் கேட்க வேண்டும். தை மாசம் கழிவதற்குள் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். ஊர் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றினால் பெட்டி மலை மேல் அகளிப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்விடும். அவர்கள் வரிசையில் அடுத்து நின்றார்கள்.

பெட்டிக்காக விண்ணப்பித்தவள் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். காலையில் பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்ப்பாள். மீதி நேரமெல்லாம் ஊரின் தரம் பார்ப்பாள். ஆட்டோ ஓட்டும் ஒரு பையன், சவாரி இல்லாத நேரத்தில் லேப்டாப்பில் ஒலியை வெட்டி ஒட்டப் பழகியிருந்தான். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஊர் வாட்ஸ்அப் குழுவில் கால் மணி நேரச் செய்தி. இதுதான் திட்டம். என்னை ஆலோசகராகப் போட்டார்கள். நான் வேண்டாமென்று சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டார்கள்; நான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் நிகழ்ச்சிக்கு உரை எழுதியது நான். படித்ததும் நான். “பேரன்பு கெழுமிய ஊர்ப் பெருமக்களே” என்று தொடங்கி, ஊடகத்தின் வரலாற்றை ஓலைச்சுவடியிலிருந்து பிடித்துக் கொண்டுவந்தேன். அச்சு யந்திரத்தை அடைவதற்குள் என் மனைவி தூங்கிவிட்டாள். குழுவில் ஒரே ஒரு பதில் வந்தது: யாரோ தெரியாமல் விரல் பட்டு அனுப்பிய கும்பிடு.

“மாமா, கோவிச்சுக்காதீங்க,” என்றாள் தங்கை மகள். “இனி சனங்களையே பேச உடலாமுங்க.”

“நான் சனமில்லையா?”

“நீங்க ஆலோசகருங்க.”

சனங்களைப் பேச விட்டார்கள். அப்போதுதான் வினை வந்தது. மைக்கைப் பார்த்த மாத்திரத்தில் எங்கள் ஊரே மலையாளத்துக்கு மாறியது. மைக் என்றால் கலெக்டர், மைக் என்றால் மந்திரி என்று வழிவழியாகப் பழகிய ஊர். அதற்கு முன்னால் தமிழ் பேசுவது, கோயிலுக்குள் செருப்போடு போவது மாதிரி. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரிந்த பெண் எதிரே நின்று, “ஏனுங்க, இந்த வருசம் கடலை எப்படீங்க?” என்று கேட்கிறாள். பதில், “எல்லாம் நன்னாயிட்டுண்டு” என்று வருகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கடலை புழு விழுந்து போயிருந்தது.

கமிட்டித் தலைவர் இன்னும் ஒரு படி மேல். தோட்டத்தில் ஆட்களைக் கூப்பிட்டால் அடுத்த ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட தமிழ்க் குரல். மைக் நீட்டியதும் கைகளைக் கட்டிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் மாதிரி மெல்லிய மலையாளத்தில் ‘பிரதேசத்தின் சமக்ர விகசனம்’ பற்றிப் பேசினார். முழுமையான வளர்ச்சி என்று அர்த்தம். அது எங்கள் ஊருக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஒரு வாரம், ஒலியை வெட்டுகிறவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “அக்கா, பேசாம பெட்டிய அகளிக்கே குடுத்துறலாம். அவிங்களாச்சும் பேசுவாங்க,” என்றான். அவள் அந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அந்தப் பெட்டி போனால் பால் கேன்களும் கல்யாணப் பேச்சும்தான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும்; எனக்கும் தெரியும்.

விடை மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. மாட்டுத் தீவனம் பற்றிப் பேட்டி எடுக்க ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த அண்ணன் பால் கறந்துகொண்டிருந்தார். பாதியில் எழுந்தால் மாடு காலை உதறும். “கறந்துட்டே பேசுங்ணா” என்று சொல்லி, ரெக்கார்டரை வைக்கோல் மேல் வைத்திருக்கிறாள். மனிதர் பேசினார் பாருங்கள்! சொசைட்டித் தீவனத்தில் கலக்கிற தூசி, வராத டாக்டர், மாட்டை விற்றுவிடலாமா என்று மனைவியோடு நடக்கும் வழக்கு, எல்லாம் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில், பின்னால் பால் செம்பில் விழும் சத்தத்தோடு. கறந்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், எழுந்ததும் மலையாளம்.

அன்றைக்கே விதி எழுதப்பட்டது: கை சும்மா இருக்கிற ஆளிடம் மைக்கை நீட்டக் கூடாது. தேங்காய் உரிக்கிறவர், கடலை ஆய்கிறவர், பூக் கட்டுகிறவர், இவர்களிடம் மட்டுமே பேட்டி. முதலில் சொல்லிவிட்டுத்தான் பதிவது. பதிந்ததை அவரவருக்குப் போட்டுக் காட்டி, சரி என்ற பிறகே ஊருக்கு அனுப்புவது. சோதனைக்காக என்னிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து உருவச் சொல்லி, நான் படித்த பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார்கள். “இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க பேசறது புரிஞ்சுதுங்க,” என்றாள் என் மனைவி. அவளுக்குக் கீரையும் ஆய்ந்து கிடைத்தது.

தை பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கடைமடையில் புல் அறுத்துக்கொண்டே ஓர் அக்கா பேசியது அந்த வாரம் வந்தது. அரிவாள் சரக் சரக்கென்று கேட்கிறது, நடுவே அவர் குரல்: “மேல இருக்கறவிங்க வாய்க்காலுக்குக் குறுக்க கல்லத் தூக்கி வெச்சுத் தண்ணிய அவிங்க காட்டுக்குத் திருப்பிக்கறாங்க. எங்களுக்கு ஈர வாசம் மட்டுந்தான் வருது. ஆருன்னு நாஞ் சொல்ல மாட்டேன். கல்லு வெச்சவிங்களுக்குத் தெரியும்.”

குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கும்பிடுகூட வரவில்லை. அடுத்த சனிக்கிழமையோ பெட்டி கொடுத்த குழுவின் பார்வையாளர் வருகிறார்.

வந்தவர் பாலக்காட்டின் பழைய தேர்த்தெரு ஒன்றைச் சேர்ந்த பெண்மணி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற கண். தன் சொந்த மைக்கோடு நேரே டீக்கடைக்குப் போனார். தங்கை மகள் ஒரு முறம் நிறையக் கடலையோடு பின்னால் ஓடினாள், ஆளுக்கு ஒரு பிடி உரிக்கக் கொடுத்துவிடலாம் என்று.

“வேண்டாம், ஒரு ஏற்பாடும் பண்ணாதீங்கோ,” என்று அவர் தடுத்துவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் கமிட்டித் தலைவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். அம்மையார் தமிழில்தான் கேட்டார்: “இவா பண்ற செய்தியைக் கேக்கறேளா?”

தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கைகளைக் கட்டினார். எனக்கு உயிர் போனது.

“பரிபாடி வளரெ நன்னாயிட்டுண்டு.”

நிகழ்ச்சி மிக நன்றாக இருக்கிறதாம். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும்.

அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார். “பாலம் இடிஞ்சு விழுந்தாலும் இதைத்தானாக்கும் எல்லாரும் சொல்லுவா. இதை வெச்சுண்டு நான் என்னன்னு நம்பறது?”

தங்கை மகள் முறத்தைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. பெட்டி மலையேறிக்கொண்டிருப்பதை நான் மனக்கண்ணில் பார்த்தேன். அந்த நேரம் பெஞ்சின் கோடியிலிருந்து, கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மாமா ஒருவர் மெல்லக் கேட்டார்:

“ஏனுங் தலைவரே, நன்னாயிட்டுண்டுங்கறீங்க. போன வாரம் கல்லுன்னு சொன்னாங்களே, அதுவும் நன்னாயிட்டுண்டுங்களா?”

கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

“நானா வெச்சேன்? ஏப்பா, நானா வெச்சேன்?” தலைவரின் சொந்தக் குரல் வந்துவிட்டது. “திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுட்டேன், என்ற பேரு ஒரு எடத்துலயும் வல்ல!”

“புல்லு அறுத்த புள்ள ஆரு பேரையுமே சொல்லலீங்களே. நீங்க எதுக்குத் தேடறீங்க?”

“ ‘மேல இருக்கறவிங்க’ன்னா? மேல என்ற காடு ஒண்ணுதானா?”

“ ‘கல்லு வெச்சவிங்களுக்குத் தெரியும்’னு சொன்னா பாருங்க,” என்றார் கடைக்காரர், டீ ஆற்றுவதை நிறுத்தாமல். “அரிவாளு சத்தம் அங்கதான் நின்னுச்சு. எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு.”

“அதுக்கு முந்தின வாரம் தீவனத்தப் பத்தி வந்துச்சே, அதுக்கு மட்டும் சொசைட்டில என்ன பண்ணுனாங்க?”

“கேட்டீங்கல்ல, மூட்டைய மாத்தியாச்சு!”

பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. வந்த செய்திகளை வரி பிசகாமல் ஒப்பித்து ஒப்பித்துச் சண்டை போட்டார்கள். மைக் அவர்கள் மூக்குக்கு நேரே இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு மலையாளச் சொல் இல்லை. சத்தம் அடங்கிய ஓர் இடத்தில் கடைமடை மாமா, “எப்படியோ, புதங்கெழமையிலிருந்து தண்ணி வருதுங்க. வரப்பு வரைக்கும் நிக்குது,” என்றார். தலைவர் மேல்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அதை ஊர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது.

அம்மையார் மைக்கை அணைத்தார். “இப்படிச் சண்டை போடற அளவுக்கு என் பேங்கு சுற்றறிக்கையை ஒருத்தரும் படிச்சதில்லை,” என்றார். பெட்டி இங்கேயே இருக்கட்டும். அகளிக்கு வேறு ஒன்று ஏற்பாடு பண்ணிக்கலாம். ஆனால் ஒரு வேலை இருக்கிறது: அங்கேயுள்ள பிள்ளைகளுக்கு நீதான் வந்து சொல்லித் தரவேண்டும் என்று தங்கை மகளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் முறத்தோடு அம்மையாரைக் கட்டிப்பிடித்ததில் கடலை முழுவதும் டீக்கடை வாசலில் கொட்டியது. ஆட்டோப் பையன் ஹாரனை விடாமல் அடித்தான். நான் கைதட்டினேன், ஆலோசகராக என் ஒரே பங்களிப்பு.

அந்த வாரச் செய்தி, அம்மையார் தன் மைக்கில் பதிந்து கொடுத்துவிட்டுப் போன அந்தச் சண்டைதான். விதிப்படி தலைவருக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். வெட்டச் சொல்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கழற்றினார்.

“எல்லாஞ் சரி கண்ணு. அவிங்க சத்தத்துல என்ற சத்தம் அமுங்கிப் போச்சு பாரு. அதக் கொஞ்சம் ஏத்தி வெச்சு அனுப்பு.”