தொண்ணூற்றெட்டில் கொதித்த தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் மனைவி சுகந்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பாஸ் செய்த தெர்மாமீட்டர்களை எல்லாம் புது மேனேஜர் ரிஜெக்ட் செய்துவிட்டாராம்.

புனே பக்கத்து ஆகுர்டியில் தெர்மாமீட்டர் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். இன்னும் ப்ரொபேஷன்தான். இந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? அதே மேனேஜர்!

அவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அங்கே அவர் வழக்கம் ரொம்ப சிம்பிள் — கொதிக்கிற தண்ணீரில் முக்கு, நூறு டிகிரி காட்டினால் பாஸ். புனேயிலும் முக்கினார். எல்லாமே தொண்ணூற்றெட்டு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாஸ்டர் தெர்மாமீட்டரும் தொண்ணூற்றெட்டுதான். அதுவும் கெட்டுவிட்டது என்று முடித்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? நல்ல புருஷனாக யோசனை சொன்னேன். "நாளைக்குப் போய் ஒரு ஸாரி சொல்லிடு."

அவள் பரண் பெட்டியிலிருந்து தன் பழைய கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்தாள்.

மறுநாள் லேப் சுவரில் இருந்த பாரோமீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, விடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து மேனேஜரிடம் கொடுத்திருக்கிறாள். சென்னையிலிருந்து கொண்டுவந்த அவருடைய சொந்த தெர்மாமீட்டரையே கொதிநீரில் முக்கச் சொல்லியிருக்கிறாள்.

முக்கினார். தொண்ணூற்றெட்டு.

சீட்டைப் பிரித்தார். அதிலும் தொண்ணூற்றெட்டு...

அவரும் தமிழர்தான், ஆனால் ஆபீஸில் இங்கிலீஷ்தான் பேசுவார். எப்படி என்று இங்கிலீஷில் கேட்டார். இவளுக்கு இங்கிலீஷ் தடுமாறும். படித்ததைப் படித்த பாஷையிலேயே சொல்லிவிட்டாள்.

"சார், தண்ணியோட ஆவி மேல தள்ளுது, வெளிக்காத்து கீழ அமுக்குது. ரெண்டும் சமமானாத்தான் கொதிக்கும். இந்த ஊரு மேட்டுல இருக்கு, காத்து அமுக்குறது கம்மி. அதான் நூறு வர்றதுக்கு முன்னாலயே கொதிச்சிருது."

எத்தனை டிகிரி முன்னால்? அங்கேதான் அந்த நோட்டு உதவியது. தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் செலவாகும் என்பது தெரிந்திருந்தால் போதும் — காற்றழுத்தம் இவ்வளவு குறைந்தால் கொதிநிலை இவ்வளவு இறங்கும் என்று பென்சிலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆவியாதல் வெப்பம் என்று பேர். நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். மார்க் வாங்கியதோடு சரி.

எங்கே படித்தீர்கள் என்று மேனேஜர் கேட்டாராம், இந்தத் தடவை தமிழில். "கோவில்பட்டியில சார். தமிழ் மீடியம்." ரிஜெக்ட் சீட்டைக் கிழித்துவிட்டு, நிரந்தரப்படுத்தும் கடிதத்தில் அப்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வீதியில் போகிற ரிக்‌ஷாக்காரரைக்கூட நிறுத்திச் சொல்லலாம் போல இருந்தது எனக்கு. அவ்வளவு பெருமை! அதை அடக்கிக்கொண்டு, "ஸாரி சொன்னியா?" என்று சும்மா சீண்டினேன்.

"சொன்னாரே... அவர்தான். இன்னும் ஒருத்தர் பாக்கி."

அந்த ஒருத்தர் எழுதியதுதான் இது.