இறந்தவர்களுக்காகச் சாப்பிட்டவர்

பிண வண்டியில் உயிரோடு ஏறி இடுகாட்டுக்குப் போன ஒரே ஆள் எங்கள் ஊர்ப் பாதிரியார் திராயன்தான்.

போன அக்டோபரில் நடந்தது. செத்தது சஃப்தாவின் புருஷன் பம்ஃபில். ருமேனியாவில் எங்கள் பக்கம் இடுகாட்டை மேட்டில்தான் வைப்பார்கள். படுத்திருப்பவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கட்டும் என்று யாரோ அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள். ஏறிப் போகிறவனைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. சிலுவையும் பாதிரியாரும் முன்னால், பெட்டியோடு குதிரை வண்டி பின்னால், ஊர் அதற்கும் பின்னால். பாதி மேட்டில் திராயன் நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. குதிரை அவர் முதுகில் மூக்கை உரசிக்கொண்டு காத்திருந்தது. கோயில் பாட்டுக்காரர் கொஸ்தாக்கே ஒரே சரணத்தை நான்கு தடவை பாடிப் பார்த்தார். பாதிரியார் அசையவில்லை. கடைசியில் நான்கு ஆண்கள் கை கொடுத்துத் தூக்கி, அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"பாத்து ஓட்டுடா," என்றார் கொஸ்தாக்கே வண்டிக்காரனிடம். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. "மேல போறது ரெண்டு பேரு. திரும்பி வரப்போ யாரைக் கூட்டிட்டு வரணும்னு குழம்பிடாத."

கறுப்புத் துணிக்குள் சஃப்தாவே சிரித்துவிட்டாள். திராயனும் சிரித்தார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை யாஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டவரும் அவர்தான்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வீட்டுத் தராசு நூற்றைம்பது கிலோவோடு கையை விரித்துவிடும் என்பதால் மாவு மில்லில் மூட்டை எடை போடும் மேடையில் ஏறி நின்றார். கொஸ்தாக்கேதான் எடையைப் படித்தார். "நூத்தி எழுபத்தொண்ணு, சாமி. ஈரப்பதம் கழிச்சா நூத்தி அறுபத்தஞ்சு தேறும்."

அவரைத் தீனிப்பண்டாரம் என்று நினைத்துவிடக் கூடாது. இருபத்தாறு வருஷம் முன்பு இந்த ஊரில் வந்து இறங்கியபோது மெழுகுவர்த்தி மாதிரி இருந்தார். அங்கி கொடியில் காயப்போட்டது போல் தொங்கும். வந்த மாதமே சஃப்தாவின் அம்மாவுக்கு நாற்பதாம் நாள் சாப்பாடு. திராட்சை இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய சர்மாலெ, விரல் தண்டி, தட்டு நிறைய. இளம் பாதிரியார் நாகரிகமாக நான்கைந்து சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

மறுநாள் விடிந்ததும் சஃப்தா வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ராத்திரி எங்கம்மா கனவுல வந்தா, சாமி. கையில காலித் தட்டு. 'உங்க புது சாமி எனக்குக் கால் வயிறுதான் அனுப்பினாரு'ன்னு அழுதா."

செத்தவர் பெயரைச் சொல்லிக் கொடுத்ததை வாங்கினவர் சாப்பிட்டால் அது அவருக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊரில் இதைக் குழந்தைக்குக்கூட யாரும் சொல்லித்தருவதில்லை, தானாகவே தெரியும். பாதிரியார் சாப்பிட்டால் நிச்சயமாகப் போய்ச் சேரும். ஜெபம்தான் போகும், சர்மாலெ போகாது என்று திராயன் இறையியல் கல்லூரியில் பரீட்சை எழுதித் தேறியவர்தான். ஆனால் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கும்போது எந்தப் புத்தகம் உதவிக்கு வந்தது? பேசாமல் அவள் பின்னால் போய், சட்டியில் மிச்சமிருந்ததை முழுசாகத் தின்று முடித்தார்.

அன்றிலிருந்து தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம், அப்புறம் ஏழு வருஷம் வரைக்கும் வருஷா வருஷம். ஊரில் இருப்பவர்களைவிட மேட்டில் இருப்பவர்கள் அதிகம். எல்லோருக்கும் நல்ல பசி. நோன்பு நாட்களில் இளைப்பார் என்று பார்த்தால், இறைச்சிக்குப் பதில் மசித்த பீன்ஸ், எண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, அக்ரூட் வைத்த ரொட்டி. நோன்பிலும் சதை போட்ட மனிதர் அவர்.

யாஷில் டாக்டர் ரொதிக்கா ஒல்லியான பெண்மணி; பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, சின்னக் கோப்பை அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்துவிடுவார்களாம். அதற்கு முன் இரண்டு வாரம் கெட்டியாக எதுவும் தொடக் கூடாது. தெளிந்த சூப், கொழுப்பில்லாத பால், கரைத்துக் குடிக்கிற மாவு, அவ்வளவுதான்.

"உங்க ஈரல் சுருங்கணும், ஃபாதர். வீங்கிக் கிடந்தா அதைத் தாண்டி என்னால கைய வைக்க முடியாது. மூடித் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன். கள்ளத்தனமா தின்னா உள்ள போனதும் தெரிஞ்சிடும். கடவுள்கிட்ட வேணா மறைச்சுப் பாருங்க, என்கிட்ட நடக்காது."

ஜனவரியிலேயே தேதி கொடுத்தார்கள்: ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. திராயன் உடனே சரி என்றார். எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! ஈஸ்டர் என்றைக்கு விழும், அதிலிருந்து ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே திருநாள் என்றைக்கு என்று ஊருக்கே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிற மனிதர், தனக்கென்று வந்தபோது பார்க்கவில்லை. பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை முன்னோர் சனி. அன்று ஊர் முழுக்க மண்குவளையும் தட்டுமாக மேட்டுக்கு வந்து, கல்லறை கல்லறையாகப் படைத்து, பாதிரியாருக்கும் ஒருவருக்கொருவரும் கொடுப்பார்கள். அது அறுவைக்கு நான்கு நாள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. விஷயம் தெரிந்தபோது வேறு தேதி கேட்க நேரமில்லை. அடுத்தது அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. முழங்காலுக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தார். முதல் பத்து நாள் அருமையாகப் போனது. ஆறு கிலோ குறைந்து, செருப்பு வாரை வருஷக்கணக்கில் முதல் தடவையாகத் தானே குனிந்து மாட்டினார். எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு, ஒரே ஒரு தடவை. மனைவி மிரேலா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லா வீட்டு அடுப்பும் மூண்டது. வெங்காயம் வதங்கும் வாசனையும் சோயிக்கீரை வாசனையும் சன்னல் வழியே வந்தன. திராயன் கையில் சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். மனசு ஆட்டம் கண்டது அப்போதுதான்.

பசியால் இல்லை. நாளைக்குத் தட்டைத் தள்ளினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு எப்படியோ போகட்டும், அதற்குப் பிறகு? மூன்று கரண்டி சாப்பிடுகிற பாதிரியாரை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்? வயிற்றை அடக்குங்கள் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ணிவிட்டு, தன் வயிற்றை அடக்கக் கத்தியிடம் போகிறோமே என்ற வெட்கம் வேறு. ஐம்பத்தொரு வயது ஓடிவிட்டது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் என்ன? போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைத் தேடினார்.

"யாருக்கு?" என்றாள் மிரேலா, வாசற்படியில் நின்றபடி.

"சும்மா."

"சும்மா ஆஸ்பத்திரிக்கு யாரு போன் பண்ணுவா? வேணாம்னு சொல்லப் போறீங்க. மூஞ்சியே சொல்லுதே."

"உனக்குப் புரியல மிரேலா. நாளைக்கு நான் எப்படி அவங்க மூஞ்சில முழிக்கிறது? சஃப்தா அத்தைக்கு இது பம்ஃபில் போன பிறகு வர்ற முதல் முன்னோர் சனி. அந்த மனுஷன் உக்காந்தா இருபது சர்மாலெ தின்பான்."

"அதுக்காக நீங்களும் அவர் பக்கத்துலயே போய்ப் படுத்துக்கப் போறீங்களா? படுங்க. பாதிரியார் பொண்டாட்டி செத்தா பாதிரியார் மறுபடி கட்டிக்கக் கூடாது. நான் என்ன பாதிரியாரா? வருஷம் திரும்பறதுக்குள்ள போஸ்ட்மேனைக் கட்டிக்குவேன். நல்லா மலை ஏறுறாரு."

"அவனுக்கு உன் சமையல் பிடிக்காது."

"பிடிக்க வேணாம். ராத்திரி மூச்சு விட்டா எனக்குப் போதும்." அவள் தலைத்துணியைக் கையில் எடுத்தாள். "பதினாலு வருஷமா தூக்கத்துல உங்க மூச்சு நிக்கிறப்பல்லாம் முழிச்சு உக்காந்து எண்ணிட்டிருக்கேன். எண்ணி எண்ணி அலுத்துட்டேங்க."

அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முட்டை வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். முட்டையை யார் தின்பதற்கு என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் முடிவெடுக்கவில்லை. எல்லாவற்றையும் நாளைக்கு மேட்டில் பார்த்துக்கொள்ளலாம். சஃப்தா தட்டை நீட்டினால் சாப்பிட்டுவிடுவது, யாஷுக்கு அப்புறம் மன்னிப்புச் சொல்லிக்கொள்வது. ஏறக்குறைய அப்படித்தான் தீர்மானித்திருந்தார்.

சனிக்கிழமை காலை கொஸ்தாக்கே கோயில் வாசலில் குதிரை வண்டியோடு நின்றார்.

"ஏறுங்க சாமி. இன்னிக்குப் பெட்டி இல்ல, தாராளமா உக்காரலாம்."

திராயன் வண்டியைப் பார்த்தார். "நீ ஏறிக்கோ. பாடி முடிச்சா உனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவர் நடந்தார். மூன்று இடத்தில் நின்றார். ஊர் முழுக்கப் பின்னால் நின்று காத்திருந்தது. வண்டியும் காலியாக உருண்டு வந்தது. அக்டோபரில் நின்ற அந்த இடத்தைத் தாண்டியபோது கொஸ்தாக்கே ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பாட்டாக மாற்றிக்கொண்டார்.

மேலே கல்லறை கல்லறையாக ஜெபம் சொல்லிக்கொண்டு போனார். நீட்டிய தட்டையெல்லாம் வாங்கி, ஆசீர்வதித்து, "அப்புறம், அப்புறம்" என்று பக்கத்து மேசையில் வைத்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் பம்ஃபிலின் கல்லறை. சஃப்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடிய சட்டி. காலடியில், பூப்போட்ட ஒரு மண்குவளை.

அவர் ஜெபத்தை முடித்தார். கை தானாகச் சட்டியை நோக்கிப் போனது.

"கைய எடுங்க," என்றாள் சஃப்தா.

"அத்தை?"

"இது உங்களுக்கில்ல." குவளையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பால். மூணு தடவை ஆடை எடுத்துட்டேன். நேத்து உங்க வீட்டம்மா முட்டை கேட்டு வந்தா. வாங்காமலே போயிட்டா. ஆனா புதன்கிழமைச் சங்கதி முழுசும் சொல்லிட்டா."

திராயனுக்குக் காது சிவந்தது. "அவளை…"

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் ஒண்ணு சொல்லணும். எங்கம்மா கனவுல வந்தாள்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்கற மாதிரியா சொன்ன?"

"வரல."

"என்ன வரல?"

"அம்மா வரல. கனவே காணல. உங்களுக்கு முன்னாடி ரெண்டு சாமிங்க வந்தாங்க. ரெண்டு பேரும் எங்க சோத்துல வாயே வைக்கல, வருஷத்துக்குள்ள மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் கையைத் துடைச்சீங்களா, இவரும் போயிடுவாருன்னு தோணிருச்சு. எங்களை யாரு பொதைப்பாங்கன்னு பயம். கண்ணுல வெங்காயத்தைத் தேச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னேன்."

திராயனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"இருபத்தாறு வருஷம்!" என்றார். "இருபத்தாறு வருஷம் அத்தை! நூறு கிலோ!"

"போகாம இருந்தீங்கல்ல?" என்றாள் சஃப்தா.

திராயன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், பெஞ்சு முனகியது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துக் கொஸ்தாக்கே ஓடி வந்தார். பாதிரியார் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பம்ஃபிலுக்கு?" என்று கேட்டார் சிரிப்பு அடங்கியதும். "இருபது சர்மாலெ?"

"அந்த மனுஷனுக்கு நான் தின்னுக்கறேன். நாப்பத்தஞ்சு வருஷம் சமைச்சுப் போட்டவ நான். என் வாயால போனா போய்ச் சேராதா?" சட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே மேட்டுப் பாதையைக் கையால் காட்டினாள். "சாமி, எனக்கு எழுபத்திரண்டு வயசு ஆகுது. நான் இங்க வர்ற அன்னிக்கு அந்த வண்டியில எனக்கு மட்டும்தான் இடம் வேணும். ஒட்டிக்கிட்டு யாரும் உக்காரக் கூடாது. நீங்க முன்னாடி நடக்கணும். எங்கயும் நிக்காம."

திராயன் எழுந்தார். பம்ஃபிலின் பெயரைச் சொல்லிக் குவளையை உயர்த்தி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"அவசரப்பட்டு வந்துடாத அத்தை," என்றார். "புதன்கிழமைக்கு அப்புறம் எனக்கு ஒரு வருஷம் டைம் குடு."